வெள்ளிக்கிழமை உப்பு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதினால் யார் படிப்பார்கள்? வில்லியனூர் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் சிநேகிதன்தான் பொட்டலம் மடிக்கிற காகிதத்தில் நாலு தாளை உருவிக் கொடுத்து, "சும்மா வாயாலயே அளக்காத, எழுதிக் காட்டுடா" என்றான். காகிதம் வீணாகக் கூடாதே என்று எழுதுகிறேன்.

அப்பா ஒரு பிரெஞ்சுத் துரையின் பங்களாவில் சமையல் பார்க்கும் குசினிக்காரர். துரைக்கு ரோடு போடும் உத்தியோகம். பிறப்பில் அவரும் எங்களைப் போல வேதக்காரர்தான், ஆனால் மாதா கோயில் இருக்கும் திசையில் நடக்கக்கூட மாட்டார். அவர்கள் தேசத்தில் ராஜாங்கம் வேறு, சாமி வேறு என்று சட்டம் போட்டு, பள்ளிக்கூடச் சுவரில் இருந்த சிலுவையையும் கழற்றிவிட்டார்களாம். எங்கள் சாமியார் பிரசங்கத்தில் இதைச் சொல்லும்போதெல்லாம் மூக்கைச் சிந்துவார். அது அழுகையா, ஜலதோஷமா என்று நானும் உற்று உற்றுப் பார்த்திருக்கிறேன்.

என் சித்தப்பா அதே துரைக்கு எழுத்தர். துரையின் பிரெஞ்சைத் தமிழாக்கிச் சொல்வதும் அவர் வேலை. துரை பூசைக்குப் போவதில்லை என்று தெரிந்ததும் அவரும் நின்றுகொண்டார். அப்பா கேட்டதற்கு, "தொரைக்கே சாமி வேணாமாம், நமக்கு இன்னாத்துக்குண்ணே?" என்றார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா, சித்தப்பா வீட்டு வாசலில் நின்று ஒரு தடவை இருமிவிட்டுத்தான் கோயிலுக்குப் போவார்.

வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோசனம். மீன் தின்னலாம், ஆனால் கறியோ கறிச்சாறோ நாக்கில் படக்கூடாது. துரைக்கோ வெள்ளிக்கிழமையானால் ஆட்டுக்கறிதான் வேண்டும், அதுவும் வேண்டுமென்றே. சமைப்பது கூலிவேலை, அதில் பாவமில்லை என்று சாமியார் சொல்லிவிட்டார். ஆனால் உப்பு யார் பார்ப்பது?

அப்பா வழி கண்டுபிடித்தார். ஏழு வயது ஆகாத பிள்ளைக்கு இந்தச் சட்டம் கிடையாது. எனக்கு ஆறு. ஆக, வாரத்தில் ஒரு நாள் நானும் துரை வீட்டு உத்தியோகஸ்தன்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. முதல் துண்டைத் தின்றதும், உப்பு சரியாகவே இருந்தாலும், "பத்தலப்பா" என்பேன். அப்பா ஒரு சிட்டிகை போட்டுவிட்டு, பார்க்கச் சொல்லி இன்னொரு துண்டு கொடுப்பார். ஒரு சிட்டிகையில் எந்தத் துரையும் சாகமாட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் புதுச்சேரியிலிருந்து இரண்டு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஆட்டுத்தொடை. வெண்ணெயும் பூண்டும் போட்டு அது வெந்துகொண்டிருந்த வாசனையில் எனக்குப் புத்தி கெட்டது. ஐந்து தடவை "பத்தலப்பா" என்றேன். அப்பாவும் என் நாக்கை நம்பி ஐந்து தடவை போட்டார்.

முதல் வாய் வைத்த துரை அதைத் துணியில் துப்பினார். அப்பாவைக் கூப்பிட்டார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"உப்பு பாத்தியான்னு கேக்கறாரு" என்றார் துரைக்குப் பக்கத்தில் நின்ற சித்தப்பா.

"இல்லீங்க. இன்னிக்கி வெள்ளிக்கிழம. நான் கறி தொடமாட்டேன்."

துரை தன் தட்டை அப்பா பக்கம் தள்ளிவிட்டு ஏதோ சொன்னார். சித்தப்பாவின் குரல் இறங்கிப்போயிற்று. "இப்ப எதிர்லயே திங்கணுமாம். இல்லன்னா நாளையிலேந்து வர வேணாமாம்." பிறகு துரைக்குப் புரியாது என்ற தைரியத்தில், "ஒரே ஒரு துண்டுதாண்ணே. வாயில போட்டுடு. யாரு பாக்கப்போறா?" என்று கெஞ்சினார்.

"சமைக்கச் சொல்லு, சமைக்கிறேன். திங்கச் சொன்னா முடியாதுப்பா" என்றார் அப்பா.

சொல்லிவிட்டு இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்தார். நாலாக மடித்தார். காலி நாற்காலி ஒன்றின் மேல் வைத்தார். வீட்டில் நாங்கள் ஐந்து பேர், அந்தத் துணியை நம்பித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

என்னால் தாங்க முடியவில்லை. "நாந்தான்! நாந்தான் பொய் சொன்னேன்! உப்பு மொதல்லயே சரியாத்தான் இருந்துச்சு!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தேன். மோவாயெல்லாம் வெண்ணெய்.

யார் இவன், இவனுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று துரை கேட்டிருக்க வேண்டும். சித்தப்பா என் வயதையும் கோயில் சட்டத்தையும் விளக்கினார். கேட்ட விருந்தாளிகளில் ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். துரையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் பார்வை நாற்காலிமேல் இருந்த துணிக்குப் போயிற்று. சிரிப்பு நின்றது. நீளமாக ஏதோ பேசினார்.

சித்தப்பா உடனே தமிழில் சொல்லவில்லை. அப்பா காத்துக்கொண்டு நின்றார். "இன்னாடா சொல்றாரு? சொல்லேண்டா" என்றார்.

"நாளைக்கி எப்பவும் போல வரணுமாம். இனிமே வெள்ளிக்கிழம மீனு வாங்கச் சொல்றாரு. உப்பு பாக்க ஒரு முழு ஆளு வேணுமாம்." சித்தப்பாவின் கண் சிவந்திருந்தது. "நான் மெரட்டியும் திங்காதவன், நான் பாக்காதப்ப திருடமாட்டான்னு சொல்றாரு."

அப்பா துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு குசினிக்குப் போனார். போனவர் விறகுக்கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்து, என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வயிறு குலுங்கச் சிரித்தார். அடி விழும் என்று விறைத்துக்கொண்டிருந்த என் உடம்பு அப்புறம்தான் தளர்ந்தது. அடுத்த நிமிடமே, இனி வெள்ளிக்கிழமைகளில் கறி கிடையாது என்பது உறைத்து, ஓவென்று அழுதேன்.

துரை கடைசிவரை கோயிலுக்கு வரவில்லை. நல்லவாடு குப்பத்திலிருந்து வரும் மீனை மட்டும் வாரம் தவறாமல் சாப்பிட்டார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா இருமுவதற்கு முன்பே சித்தப்பா வாசலில் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

அன்றைக்குத் துரை சொன்னதைத் தமிழில் சொல்ல அவருக்கு ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது, கண் ஏன் அப்படிச் சிவந்தது என்று எனக்குப் புரியவில்லை. பிரெஞ்சு ரொம்பக் கஷ்டமான பாஷை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு தாளையும் சிநேகிதனிடம் கொடுத்தேன். புளிக்கூடைமேல் சாய்ந்துகொண்டு முழுக்கப் படித்துவிட்டு அவன் கேட்டான்: "எல்லாம் சரிடா, உங்கப்பா வேலையே போனாலும் கறி தொடல. வர்ற வெள்ளிக்கிழம நீ இன்னா திங்கப்போற?"