லிஃப்டில் ஏறினால் புத்திமதி இலவசம்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் ஆபரேட்டர். நான் வேலை பார்க்கும் ஆறு மாடி ஆபீஸ் கட்டடத்தில் நாள் முழுக்க முக்காலியில் உட்கார்ந்தபடி, ஏறுகிறவர்களிடமெல்லாம் அவர் சொன்னது இதுதான்: படியேறுங்கள், இதயத்துக்கு நல்லது. இதைச் சொல்ல அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. படியேறாவிட்டால் உடம்பு என்ன ஆகும் என்பதற்கு அத்தானே சாட்சியாக முக்காலி நிறைய உட்கார்ந்திருப்பார்.

அந்த லிஃப்ட் கம்பெனியைவிட வயதில் மூத்தது. கம்பிக் கதவைக் கையால் இழுத்து, கொக்கி விழும்வரை அழுத்திச் சாத்தினால்தான் நகரும். நகர்ந்தாலும் ஆடி அசைந்துதான் போகும். மாடி வந்து சேரும்வரை அத்தானிடமிருந்து யாரும் தப்ப முடியாது.

“என்ன சார், பொரிச்ச அயிட்டமா? பேப்பரே எண்ணெயில ஊறியிருக்கு. நெஞ்சு என்ன பாடு படும்?”

“அம்மா, பெட்டியை இடுப்பை வளைச்சுத் தூக்காதீங்க. முட்டியை மடக்கி உக்காந்து, உடம்போட அணைச்சுத் தூக்கணும். இடுப்பு போச்சுன்னா கடையில வேற கிடைக்காது.”

சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை, அதுதான் கொடுமை. தப்பாகச் சொல்பவரோடு சண்டையாவது போடலாம். இத்தனையும் சொல்லிவிட்டு, அக்கா உப்பைக் குறைத்துக் கட்டிக்கொடுத்த சாப்பாட்டில் சட்டைப்பையிலிருந்து உப்புப் பொட்டலத்தைப் பிரித்துத் தூவிக்கொள்வார்.

மெல்ல மெல்ல ஜனங்கள் படிக்கு மாறினார்கள். நானும்தான். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா மாப்பிள்ளை? சொல்ற விதத்துல சொன்னா கேக்கறாங்க.” நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அக்கா வீட்டில் எனக்குச் சோறு கிடைத்திருக்காது.

ஒருநாள் மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். “லிஃப்ட் ஏன் காலியாவே ஓடுது?”

“எல்லாம் நான் சொல்லிச் சொல்லித்தான் சார்” என்று நெஞ்சை நிமிர்த்தினார் அத்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். ஆளில்லாத லிஃப்டுக்கு ஆபரேட்டர் எதற்கு? அன்றே முக்காலி போயிற்று. இனி படியேறி மாடி மாடியாக ஃபைல் கொண்டுபோக வேண்டும்; முடியாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

அக்கா போனில் அழுதாள். “அந்த மனுஷன் உடம்பு இதைத் தாங்குமாடா? இந்த வயசுல வேற வேலை யாரு குடுப்பா?” எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சு வாங்க நின்றார். நின்றவர் சும்மாவா நிற்பார்? “கைப்பிடியைப் பிடிச்சு இறங்குங்க... போனைப் பாத்துக்கிட்டே படி இறங்காதீங்க... மூச்சு வாங்குதா? எனக்கும் வாங்குது... சர்க்கரையைக் குறைங்க.” படியிலும் தப்ப வழியில்லை என்றானதும், கட்டடமே லிஃப்டுக்குத் திரும்பியது.

இப்போது அங்கே கூட்டம், ஆனால் கதவைச் சாத்தத் தெரிந்தவர் யாருமில்லை. கொக்கி சரியாக விழாமல் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிடும். ஒருநாள் நின்றபோது உள்ளே இருந்தவர் மேனேஜர். வெளியே வந்த கையோடு, “அந்த ஆளைக் கூப்பிடுங்க” என்றார்.

முக்காலி திரும்பி வந்த மறுநாள் காலை, சந்தோஷத்தில் நானே லிஃப்டில் ஏறினேன். அத்தான் இளைத்திருந்தார், முகத்தில் ஒரு களைகூட வந்திருந்தது. ஆனால் பேசவில்லை.

“என்ன அத்தான், உம்முனு இருக்கீங்க?”

“படியில நின்னப்போ கீழ ரெண்டு பேரு பேசிக்கிட்டாங்க. நான் சொன்னதுக்காக யாரும் படியேறலையாம். என் பேச்சைக் கேக்க முடியாமதான் ஏறினாங்களாம்.” கதவையே பார்த்துக்கொண்டு கேட்டார், “உனக்குத் தெரியுமா மாப்பிள்ளை?”

பதில் சொல்வதற்குள் இரண்டாவது மாடி வந்துவிட்டது.

முட்டி வலிக்காரர் ஒருவர் நொண்டிக்கொண்டே ஏறினார். அத்தான் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார். வாயே திறக்கவில்லை. மூன்றாவது மாடியில் அவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார். அங்கே இரண்டு வாட்டசாட்டமான இளைஞர்கள், ஒரே ஒரு மாடி மேலே போக ஏறினார்கள். அத்தான் கதவைச் சாத்தாமல் கையில் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, காலையில என்ன சாப்பிட்டீங்க? உப்பு...”

இருவரும் படியை நோக்கி ஓடினார்கள்.

“எதுக்கு ஏறினா என்ன, படி ஏறினா சரி” என்றார் அத்தான். “ஆனா எல்லாரையும் விரட்டிட்டா முக்காலி போயிடும். அதான் ஆளைப் பாத்துப் பேசறேன்.”

கதவை இன்னும் சாத்தவில்லை. என் தொப்பையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“வேணாம் அத்தான்” என்றேன். “நானே இறங்கிடறேன்.”