பகல் தூக்கத்துக்கு ஒரு வீடு

அந்த வீட்டை நான் கட்டியது ஒருவருடைய பகல் தூக்கத்துக்காக. இப்படிச் சொன்னால் ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் எங்கள் அறக்கட்டளையில் சிரிப்பார்கள். அவர்களுடைய தாள்களில் வேறு பெரிய பெரிய வார்த்தைகள் இருந்தன. எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். அவருக்கு மண்ணூர்பேட்டையில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் பட்டறையில் நிரந்தர இரவு ஷிப்ட். பகலெல்லாம் பழைய வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெந்துவிட்டு, தூக்கமில்லாமல் மெஷின் முன்னால் நிற்பார். ஒரு தடவை கண் அசந்ததில் இரண்டு விரல்களைக் கொடுத்துவிட்டார். இன்னொரு தடவை அசந்தால் கையே போய்விடும் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னபோது, புது வீட்டில் ஏசி இல்லாமலே பகலில் தூங்குவார், அதற்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நெமிலிச்சேரியில் வரிசையாக ஆறு வீடுகள். அவர்களுடையதுதான் முதல் வீடு. முறை எளிது: செங்கற்களைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, இரண்டு வரிசைக்கும் நடுவில் இடைவெளி விட்டுச் சுவர் எழுப்புவது. இடையில் இருக்கும் காற்று வெயிலைச் சுலபத்தில் உள்ளே விடாது. கல்லும் குறையும், செலவும் குறையும். சுவரின் மேல்பக்கத்தில் வெக்கை வெளியேறச் சின்ன ஓட்டைகள். கொத்தனாரிடம் வரைபடத்தைக் கொடுத்தேன், ஒரு முழச் சுவர் கட்டியும் காட்டினேன். ஏன் இப்படி என்று அவர் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

மாசியில் குடி வந்தார்கள். சித்திரையில் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கினேன். பிளாட்பாரம் பெஞ்சில், சாப்பாட்டுப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு விரல் இல்லாத கை பெஞ்சுக்கு வெளியே தொங்கியது. எழுப்ப எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நேரே வீட்டுக்குப் போனேன். உள்ளே ஒரே வெக்கை. மேலே ஓட்டைகளிலெல்லாம் பழைய புடவைத் துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். கொசுவுக்காக என்றார் அந்த அம்மா. எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதைத் துணி வைத்து அடைத்தால் மனுஷன் எப்படித் தூங்குவார், உங்களுக்கு அவர் மேல் அக்கறை இருக்கிறதா இல்லையா என்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். அந்த அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, துணிகளை ஒவ்வொன்றாக உருவினார்.

கொசு வலை வாங்கி நானே அடித்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்தும் அவர் கணவர் ஸ்டேஷன் பெஞ்சில்தான் தூங்கினார். அடுத்த வீட்டுக்குள் போய் நின்று பார்த்தேன். குளுகுளு என்று இல்லை, ஆனால் படுக்கலாம் போல் இருந்தது. முதல் வீட்டுக்கு மட்டும் என்ன கேடு? அடுத்த வீட்டுச் சுவரைத் தட்டினால் காலி டப்பா போல ஒலித்தது. முதல் வீட்டுச் சுவர் சத்தமே போடவில்லை. வெளிப்பக்கம் ஒரு கல்லைப் பெயர்த்தேன். இடைவெளி முழுக்கச் செங்கல் துண்டும் கலவையும் கெட்டியாக இறுகிக் கிடந்தன.

கொத்தனார் அப்போது கோவில்பதாகையில் வேறு வேலையில் இருந்தார். கொதித்துக்கொண்டு போனேன். அவர் மறுக்கவே இல்லை. அந்தச் சுவர் எழுந்த வாரம் நான் அறக்கட்டளையின் விருந்தாளிகளுக்கு வேறு இடத்தில் ஒரு மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டப் போயிருந்தேன். ஆட்களெல்லாம் கிளம்பிய பிறகு, தினமும் சாயங்காலம் இவர் தனியாக நின்று, மிஞ்சிய கலவையைக் கொட்டி அடைத்திருக்கிறார். அதற்குக் கூலிகூடக் கேட்கவில்லை.

"விரல் போன மன்சன் சார். அவருக்குப் போயி உள்ள காலியா சொவுரு வெச்சிக் குட்த்தா, நாளைக்கு சாஞ்சிக்கிச்சுன்னா இன்னா பண்ணுவாரு? மத்த ஊட்டுக்கும் அடைச்சிருப்பேன், நீங்க வந்துட்டீங்க."

காற்று, வெயில் என்று இப்போதுதான் விளக்க ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அவ்ளோ நல்ல சொவுருன்னா, உங்க ஊட்ல அப்டி கட்டிக்கினீங்களா சார்?"

அம்பத்தூரில் என் வீட்டுக்கு ஒன்பது அங்குலக் கெட்டிச் சுவர். படுக்கையறையில் ஏசி. இவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தது. அதனாலேயே எரிச்சல் இன்னும் கூடியது.

அடைத்ததை எடுக்க வழியில்லை. இடித்துத்தான் கட்ட வேண்டும். அறக்கட்டளையில் காரணத்தைச் சொன்னால் கொத்தனாருக்கு எங்களிடம் இனி வேலை கிடையாது, அந்த வாரம் நான் எங்கே போயிருந்தேன் என்றும் கேட்பார்கள். எப்படியானாலும் அந்த அம்மாவிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று கிளம்பினேன்.

அவர் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஈரக் கையோடு எழுந்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"எம்மேலதான் சார் தப்பு. நான் துணி வெச்சி அடைச்சதுல ஊடு சூடு புடிச்சிக்கினு இன்னும் ஆறாம கீது. அவரு தூங்காம போறதப் பாத்தா எனக்கு சோறு எறங்கல. ஆற்துக்கு எத்தினி நாள் ஆவும் சார்?"

மழை பெய்தால் ஆறிவிடும் என்றேன்.