காந்த அறைக்கு வெளியே ஒரு கைக்குட்டை

நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை ஒன்று என் பீரோவில் இருக்கிறது, கண்ணு. உன் அம்மாவின் தாலி, மெட்டி, ஊக்கு, வளையல் எல்லாவற்றையும் அதில் முடிந்துகொண்டு வேலூர் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றேன். உள்ளே காந்த ஸ்கேன் அறையில் அம்மா. அவள் வயிற்றில் நீ. பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது நானில்லை, உன் பெரிய மாமா.

உனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்தான். ஒரு வாரம்கூட இருக்கவில்லை. அவன் ஈரலில் இரும்பு சேர்ந்து கிடந்தது என்றார்கள். மாசமாக இருக்கும்போது தின்ற முருங்கைக்கீரையால்தான் என்று நினைத்து, கீரைக்காரியைக் கண்டாலே அம்மா கதவைச் சாத்துவாள். டாக்டரம்மாதான் புரிய வைத்தார். "கீரை மேல பழி போடாதம்மா. உன் ரத்தத்துல இருக்கற காவல், குழந்தையோட ஈரல வேத்தாள்னு நெனச்சி தாக்கிடுது. கெட்டுப்போன ஈரல்லதான் இரும்பு தங்குது." நீ வயிற்றில் வந்ததும் வாராவாரம் அம்மாவுக்கு மருந்து ஏற்றினார்கள். அது கேட்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஸ்கேன். இரும்பு இருந்தால் படத்தில் ஈரல் கறுப்பாகத் தெரியுமாம். கேட்டதும் எனக்கு ஈரக்குலையே நடுங்கியது.

துணைக்கு ஒருத்தர் உள்ளே வரலாம் என்றார்கள். நான்தான் முன்னால் போனேன். வாசலிலேயே ஒரு கேள்வி: "கண்ணுல எப்பவாவது இரும்புத் தூள் பட்டிருக்கா?" ஆம்பூர் தோல் பேக்டரியில் மிஷின் பிளேடைச் சாணை பிடிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? படாத நாள் எது? உள்ளே துளி தங்கியிருந்து, காந்தம் அதை இழுத்தால் கண்ணே போய்விடும் என்று தடுத்துவிட்டார்கள். வாலாஜாபேட்டையில் வாத்தியாராக இருந்த மாமா சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "சாக்பீஸ் தூள காந்தம் இழுக்காது மாப்ள. நீ நகையப் பாத்துக்கோ."

கதவைச் சாத்தினார்கள். தடதடவென்று சத்தம். மற்றவர்களுக்குப் பயம்; எனக்கு அன்றாடம் பழகின சத்தம். பக்கத்தில் நான் இருந்திருந்தால், 'ஒண்ணுமில்ல, நம்ம மிஷின்தான்' என்று அவள் காலைத் தட்டியே சொல்லியிருப்பேன். வாத்தியாருக்கு அது என்ன தெரியும்?

மாமாதான் முதலில் வெளியே வந்தார்; படத்தைப் பார்த்து முடிக்கும்வரை அம்மாவை உள்ளேயே படுக்க வைத்திருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து வந்த ஸ்கேன் டாக்டர் அவருடைய இஸ்திரி சட்டையைப் பார்த்தார், என் லுங்கியைப் பார்த்தார், நேராக அவரிடமே போனார். "ஈரல்ல இரும்பு தெரியல சார். உங்க குழந்தைக்கு மருந்து கேக்குது. பிரசவம் வரைக்கும் நிறுத்திடாதீங்க."

"ரொம்ப தேங்க்ஸ் டாக்டர்" என்றார் மாமா. அப்பா நானில்லை, அதோ அவர் என்று ஒரு வார்த்தை? ம்ஹும். சந்தோஷத்தில் எனக்குக் கால் நிற்கவில்லை; அதே நேரம் அந்த இஸ்திரி சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது. அப்புறம் அம்மா வந்தாள். "அண்ணன் என் கால விடவே இல்லீங்க" என்றாள். எரிகிறதில் எண்ணெய்.

இன்றைக்கும் உன் பிறந்தநாளில் கேக் வெட்டுவதற்குள் மாமா ஆரம்பித்துவிடுகிறார்: "இன்னா மாப்ள, இவ ஈரல் நல்லாருக்குன்னு மொதல்ல கேட்டது யாரு?" நீயும் சிரிக்கிறாய். எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும். வருஷா வருஷம் எரிய நீ இருக்கிறாயே.

ஆனால் ஒன்றை மாமா சொல்லமாட்டார். அன்றைக்கு வராண்டாவில், "குடு மாப்ள, நான் குடுத்துடறேன்" என்று கைக்குட்டைக்கும் கையை நீட்டினார்.

"இதுக்கு வாத்தியார் வேலைக்கு ஆவாது மச்சான்" என்றேன்.

அம்மா தலையைக் குனிந்தாள். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துத் தாலியை எடுத்தேன்.