கேட்காமல் எழுதிய ஒரு வரி

1. கதவுக்கு வெளியே

லேபர் ரூம் போஸ்டிங்கின் முதல் நாள் எனக்குக் கிடைத்த வேலை, கதவுக்கு வெளியே நிற்பதுதான்.

"ஏலே, நீ அங்கினயே நில்லு. உள்ள ஆளு கெடக்கு" என்றார் லில்லி சிஸ்டர். அந்த அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்கு அவர்தான் இன்சார்ஜ். குள்ளமான உருவம், கணீரென்ற குரல். டாக்டர்களே அவர் முகம் பார்த்துத்தான் பேச்சைத் தொடங்குவார்கள்.

"சிஸ்டர், எங்களுக்கும் கேஸ் புக்குல இருவது டெலிவரி வேணும்."

"வேணும்ணா உள்ள கெடக்கவளுக்க மாமியாருட்ட போய்க் கேளு. சம்மதிச்சாண்ணா வா."

நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை என்பதுதான் உண்மை.

எனக்குச் சொந்த ஊர் பூதப்பாண்டிப் பக்கம். அப்பாவுக்கு நெல் விவசாயம். பிளஸ் டூவில் மார்க் குறைந்ததும், குவைத்தில் நர்ஸாக இருந்த சித்தப்பா மகன் அண்ணன் போனில் சொன்ன ஒரே பேச்சில் பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்ந்துவிட்டேன். வகுப்பில் நாற்பது பெண்கள், ஆறு பையன்கள். ஊருக்குப் போனால் பஸ் ஸ்டாப்பிலேயே விசாரணை ஆரம்பமாகும். "டாக்டருக்காலே படிக்கிய?" "இல்ல, நர்சிங்கு." "அது பொம்பளப் பிள்ளையளுக்க படிப்பில்லியா?" இரண்டாம் ஆண்டு வரை பொறுமையாக விளக்கம் சொன்னேன். அதற்குப் பிறகு "ஆமா, டாக்டருக்குத்தான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் கால் தானாக ஆடும். படிப்பை முடிக்க வேண்டும், விசா வர வேண்டும், விமானம் ஏற வேண்டும். நான்காம் ஆண்டு முழுவதும் என் தலைக்குள் ஓடியது இது மட்டும்தான். அப்படிப்பட்டவனைக் கதவுக்கு வெளியே நிறுத்தினால் என்ன செய்வான்?

2. பத்தொன்பது பக்கங்கள்

இந்தப் படிப்புக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கேஸ் புக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்களே கையால் எடுத்த சுகப்பிரசவங்கள் இருபதை, ஒவ்வொன்றையும் தனிப் பக்கத்தில், வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறந்த நிமிடம், எடை, ரத்தப்போக்கு வரை எழுதி, வார்டு சிஸ்டரிடம் ஒப்பு, அதாவது கையெழுத்து, வாங்க வேண்டும். புத்தகம் நிரம்பாவிட்டால் தேர்வில் உட்கார முடியாது.

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பிள்ளைகள். அதிலும் பாதிப்பேர் பிரைவேட்டுக்குப் போவார்கள். சுகப்பிரசவம் என்று ஒன்று வந்தால் அதைச் சுற்றி நாலு மாணவிகள் நிற்பார்கள். ஒருத்தி எடுப்பாள், நாலு பேரும் "நான் எடுத்தேன்" என்று எழுதுவார்கள். பையன்களான எங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. பிறப்பு ரெஜிஸ்டரை மொபைலில் படம் பிடித்து எங்களுக்குள் வாட்ஸாப்பில் போட்டுக்கொள்வோம். பெயரையும் எடையையும் நேரத்தையும் அதைப் பார்த்து எழுதினால் ஒரு பக்கம் முடிந்தது.

நான் அதில் கெட்டிக்காரன். எல்லாப் பக்கங்களிலும் கடைசி வரிகள் ஒரே மாதிரிதான் இருக்கும்: நஞ்சுக்கொடி முழுமையாக வந்தது, யூட்ரஸ் என்கிற கருப்பை கெட்டியாக இருந்தது, ரத்தப்போக்கு அளவோடு இருந்தது, தாய் சிறுநீர் கழித்தார். ஆகவே பெரும்பாலும் நோயாளி வருவதற்கு முன்பே அவற்றை எழுதி வைத்துக்கொள்வேன். மூன்றாவது வாரத்தில் பத்தொன்பது பக்கங்கள் நிரம்பிவிட்டன. இன்னும் ஒன்று பாக்கி. மறுநாள் காலேஜில் புத்தகத்தைக் கொடுத்தாக வேண்டும்.

3. ஷைனி

அன்று காலை பத்து மணிவாக்கில் ஷைனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குளச்சல்காரி, இருபத்து நாலு வயது, தலைப்பிரசவம். கணவர் ஆழ்கடலுக்குப் போட்டில் போயிருந்தார், கரைக்கு வர இன்னும் நாலு நாள் ஆகுமாம். துணைக்கு அம்மா மட்டும் இருந்தார்.

பிரசவம் முடிந்து ஷைனியைப் பக்கத்து அறைக் கட்டிலுக்கு மாற்றியபோது உள்ளே இன்னொருவருக்கு வலி முற்றிவிட்டது. மாணவிகள் எல்லோரும் அங்கே ஓடினார்கள். லில்லி சிஸ்டர் சுற்றிப் பார்த்தார். நான்தான் கண்ணில் பட்டேன்.

"மக்கா, ரெண்டு மணிக்கூறு இவளப் பாக்கணும். பதினஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா பிபி, பல்ஸ். வயித்துல கை வச்சு யூட்ரஸ் பாரு. யூரின் போனாளாண்ணு கேளு. ரத்தம் எவ்வளவு போவுதுண்ணு பேடப் பாக்க மட்டும் பிள்ளைகளக் கூப்பிடு. கேட்டியா?"

"சரி சிஸ்டர்."

சிஸ்டர் உள்ளே போனதும் ஷைனியின் அம்மா கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். "தம்பி, வயித்துலல்லாம் கை வைக்காண்டாம். பிபி மட்டும் பாத்தா போரும்."

எனக்கு உள்ளூர நிம்மதி. பிபி பார்த்தேன். பல்ஸ் எண்பத்து நாலு. ஸ்டூலை இழுத்துப் போட்டு, கேஸ் புக்கை மடியில் விரித்து, இருபதாவது பக்கத்தை எழுத ஆரம்பித்தேன். பெயர், வயது, நேரம், எடை. பிறகு அந்த வழக்கமான வரிகள். 'தாய் சிறுநீர் கழித்தார்' என்று முடித்து அடியில் கோடும் போட்டேன். ஷைனியிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

அடுத்த தடவை பல்ஸ் தொண்ணூற்றிரண்டு. அதற்கடுத்து நூற்று நாலு. கூடுகிறது என்று தெரிந்தது. பிரசவித்த களைப்பாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்காவது தடவை நூற்றுப் பதினெட்டு. பிபி தொண்ணூறுக்கு வந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"தம்பி, தல கிறங்குது" என்றார் ஷைனி.

அம்மாவின் கையைத் தள்ளிவிட்டு வயிற்றில் கை வைத்தேன். தொப்புள் மட்டத்தில் யூட்ரஸ் கிரிக்கெட் பந்துபோலக் கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும் என்று பாடத்தில் உண்டு. என் கை பிசைந்த மாவில் அமுங்குவதுபோல உள்ளே போனது. விரிப்பு முழுக்க ரத்த ஈரம். கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

லில்லி சிஸ்டர் ஓடி வந்து யூட்ரஸை அமுக்கித் தேய்த்தார். டிரிப் வேகமாக ஓடியது, ஊசி போட்டார்கள், டாக்டருக்குப் போன் போனது. தேய்த்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"யூரின் போனாளா?"

"போயாச்சு சிஸ்டர்."

இந்தப் பதிலுக்கு எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பொய் சொல்கிறேன் என்ற நினைப்பே அப்போது எனக்கு இல்லை. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான். புத்தகத்தில் எழுதியிருக்கிறது, ஆகவே போயிருக்கிறார். அவ்வளவுதான் என் மண்டையில் ஓடியது.

யூட்ரஸ் கையடியில் கெட்டிப்படும், கையை எடுத்ததும் தளரும். மறுபடி கெட்டிப்படும், மறுபடி தளரும். ஷைனியின் அம்மா, "மாதாவே, மாதாவே" என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தார். குழந்தை தொட்டிலில் கிடந்து அழுதது. சிஸ்டரின் கை அடிவயிற்றுக்கு இறங்கியது. அங்கேயே நின்றது.

"இது என்னலே? பிளாடர் நெறஞ்சு உருண்டு நிக்குது. போயாச்சுண்ணு சொன்ன?"

கதீட்டர் குழாய் போட்டதும் அதன் முனையில் தொங்கிய பை மளமளவென்று நிறைந்தது. நிறைந்த சிறுநீர்ப்பை யூட்ரஸைச் சுருங்க விடாது என்பது மூன்றாம் ஆண்டிலேயே நான் எழுதி மார்க் வாங்கிய பதில். சிறுநீர் வடிந்த சில நிமிடங்களில் யூட்ரஸ் இறங்கிக் கெட்டியானது. டாக்டர் வந்தார், ரத்தம் ஏற்றினார்கள். மதியம் சோற்று நேரத்துக்குப் பல்ஸ் நூறுக்குக் கீழே வந்தது. நான் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். அன்று என் கால் ஆடவில்லை.

4. ஒப்பு

சாயங்காலம் லில்லி சிஸ்டர் என் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருபதாவது பக்கத்தின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இத எப்பம் எழுதின?"

"பத்தரைக்கு சிஸ்டர்."

"அப்பம் அவ போனாளா?"

அவர் பின்பக்கமாகத் தாள்களைப் புரட்டினார்.

"இந்தப் பத்தொம்பதுல எத்தனைக்கு நீ உள்ள நின்ன?"

"ஒண்ணுக்கும் இல்ல."

ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அவர் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார். "நான் ஒப்புப் போட மாட்டேன் மக்கா. பாத்து நடந்துக்கோ." அவ்வளவு தணிந்த குரலில் அவர் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

காலேஜில் எங்கள் மேடம் விஷயத்தைக் கேட்டுவிட்டு அலட்டிக்கொள்ளவே இல்லை. "அவங்க லீவுல இருக்கிற அன்னைக்கு வேற டூட்டி சிஸ்டர்ட்ட வாங்கிரு. ரெண்டு நாள் கூடத் தாறேன். எல்லாப் பயலுவளும் அப்படித்தான வாங்குதானுவ, உனக்கு மட்டும் என்ன?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாளே லில்லி சிஸ்டருக்கு வார லீவு. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று வார்டுக்குப் போனேன். டூட்டி சிஸ்டரின் மேசைக்குப் போகும் வழியில்தான் ஷைனியின் கட்டில். பார்க்காததுபோலத் தாண்டிவிட நினைத்தேன்.

"தம்பி" என்று கூப்பிட்டார். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. குழந்தை பக்கத்தில் தூங்கியது. "உனக்கு ஏச்சு விழுந்துதாமே. எனக்க தப்பாக்கும் அது. எனக்கு ஒண்ணுக்கு ரொம்ப முட்டிட்டுதான் இருந்து. ஆம்பளப் பையன் நிக்கியான், எப்படிச் சொல்லன்னு வெக்கத்துல அடக்கிக்கிட்டுக் கெடந்தேன். சிஸ்டர்ட்ட நானே சொல்லட்டா?"

சாகக் கிடந்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். கையிலிருந்த புத்தகம் என்னைச் சுட்டது.

"அக்கா, உங்க தப்பு இல்ல. நான் கேக்கணும். கேக்காமலே போனீங்கன்னு எழுதிட்டேன். சிஸ்டர் கேட்டப்பமும் போயாச்சுன்னு சொல்லிட்டேன்."

ஷைனிக்கு அது முழுதாக விளங்கியதா என்று தெரியவில்லை. அவருடைய அம்மாவுக்கு விளங்கியது. டம்ளரில் பாலை ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. மறுபடி பாலை ஆற்றத் தொடங்கினார். நான் டூட்டி சிஸ்டரின் மேசைக்குப் போகாமல் திரும்பி வந்துவிட்டேன்.

5. ஆறு மாதம்

அந்தத் தேர்வில் நான் உட்காரவில்லை. இதைப் பெரிய தியாகமாக நினைத்துச் செய்தேன் என்று யாரும் எண்ண வேண்டாம். மறுநாளே வருத்தப்பட்டேன், அடுத்த மாதம் இன்னும் அதிகமாக வருத்தப்பட்டேன். கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் யூனிஃபார்மில் படம் போட்டார்கள். குவைத் அண்ணன் எனக்காகப் பேசி வைத்திருந்த இடம் வேறொருவனுக்குப் போயிற்று. அப்பா ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: "ஒரு ஒப்புதானல? வாங்குனா என்ன?" நான் வரப்பில் இறங்கி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன்.

லில்லி சிஸ்டரிடம் போய், உள்ளே நிற்க விடுங்கள் என்று கேட்டேன்.

"நான் யாரு விட? ஒவ்வொருத்திட்டயும் போய்க் கேளு. வேண்டாம்ணு சொன்னா ஒரு வார்த்த பேசாம வந்துரு."

கேட்டேன். முதல் இரண்டு வாரமும் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். ஒரு மாமியார் என்னை அடிக்காத குறை. மூன்றாவது வாரம் பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், இரண்டாவது பிரசவம். நான் தயங்கித் தயங்கிக் கேட்டதும், வலிக்கு நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "எவனா இருந்தா என்ன? சீக்கிரம் பிள்ளைய எடுத்து வெளிய விடுங்கோ."

என் கைகளின் மேல் லில்லி சிஸ்டரின் கைகள் இருந்தன. "அவசரப்படாத, அவசரப்படாத" என்று காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். தலை வந்தது, தோள் வந்தது, பிறகு ஒரே வழுக்கலில் மொத்தக் குழந்தையும் என் கைக்கு வந்து வீறிட்டது. சூடு என்றால் அப்படி ஒரு சூடு. என் கண் நிறைந்துவிட்டது.

"டைம் என்ன?" என்றார் சிஸ்டர்.

கடிகாரம் நேர் எதிரே சுவரில்தான் இருந்தது. பத்தொன்பது பிரசவங்களுக்கு நிமிடம் பிசகாமல் நேரம் எழுதியவன், ஒன்றை உண்மையிலேயே கையில் வாங்கியபோது கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"பாக்கல சிஸ்டர்."

"நான் பாத்தேன். பதினொண்ணு பத்து."

"சிஸ்டர் சொன்னதுன்னு எழுதட்டா?"

"அப்படியே எழுது" என்று சொல்லி, அந்தப் பக்கத்தின் அடியில் ஒப்புப் போட்டார்.

இருபது சேர ஆறு மாதமும் ஆனது. இன்று நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யு.வில் இன்சார்ஜாக இருக்கிறேன். அவசரம் என்னை விட்டுப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சார்ட்டை எடுத்தால் இன்றைக்கும் பேனா எனக்கு முந்தி ஓடப் பார்க்கும், பிடித்து நிறுத்துகிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் டூட்டி முடிகிற நேரத்தில் காலிக் கட்டங்களைப் பார்த்துப் பதறுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: நேரம் கிடைக்காமல் போனால் காலியாகவே விட்டுவிட்டு, ஏச்சை வாங்கிக்கொள்ளுங்கள். காலியாக இருந்தால் அடுத்து வருகிறவர் நோயாளியிடம் போய்க் கேட்பார். நிரப்பி வைத்திருந்தால் கேட்க மாட்டார்.