நிகாசியாவின் ராசிக் கை

மே மாதம் கிழங்கு தோண்டும்போது தொமாசா ஒரு காரியத்தை மறக்கவே மாட்டாள். முதல் செடியில் வரும் கிழங்கை மண் அடுப்பில் சுட்டு, சூடு ஆறுவதற்குள் சால்வையில் முடிந்துகொண்டு மேட்டு வீட்டு நிகாசியாவிடம் ஓடுவாள். அதற்கப்புறம்தான் பெற்ற பிள்ளைகளுக்கே போடுவாள். இருபது வருஷத்துக்கு மேலாக இதுதான் நடப்பு. "உனக்கு வேற வேலையே இல்லையாடி?" என்று நிகாசியா அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொண்டே தோலை உரிப்பாள்.

இது தொடங்குவதற்கு முந்தின வருஷம் தொமாசாவுக்கு இருபத்தாறு வயது. ஆகஸ்டில் சுகாதார நிலையத்து வண்டி மலையேறி ஊருக்கு வந்தது. கைக்குழந்தைக்குத் தடுப்பூசி, தாய்க்கு ஒரு மூட்டை மாவு என்று சொல்லி ஏற்றிப் போனார்கள். அவளுக்குக் கெச்சுவா தவிர வேறு பாஷை தெரியாது. நீட்டிய காகிதமோ ஸ்பானிஷில் இருந்தது. மாவுக்குத்தான் என்று நினைத்துக் கட்டைவிரல் ரேகை வைத்தாள். கதவைத் தாழ்போட்டு ஊசி குத்தினார்கள். கண் விழித்தபோது தொப்புளுக்குக் கீழே தையல். இனிமேல் பிள்ளைத் தொல்லை இல்லை என்று நர்ஸ் அரைகுறைக் கெச்சுவாவில் சிரித்துக்கொண்டே சொன்னாள். மலைக்காரிகள் பெற்றுத் தள்ளுகிறார்கள் என்று தலைநகரத்தில் எவனோ முடிவு கட்டி, மாதத்துக்கு இத்தனை பேர் என்று உத்தரவு போட்டிருக்கிறான். அவனைக் கேட்காமல் அவன் வயிற்றை யாராவது கிழித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அக்டோபரில் விதைப்பு வந்தது. இங்கே ஆண்கள் மிதிகலப்பையால் மண்ணைப் புரட்டுவார்கள். குழியில் விதைக்கிழங்கை வைப்பது பெண்கள்தான். பெறுகிற உடம்பு வைத்தால்தான் மண்ணும் பெறும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நிலமோ ஊர்ப் பொது. விதை போடாத பெண்ணுக்கு அதில் ஒரு துண்டு கேட்க வாய் கிடையாது.

தொமாசா விதைப்பையோடு வந்து நின்றதுமே அவளுடைய ஓரகத்தி விசென்டா ஆரம்பித்துவிட்டாள்.

"கத்தி பட்டவ கையால விதையா? மண்ணு மலடாயிடும்! ஆலங்கட்டி கொட்டி எல்லாம் நாசமாப் போகும். அவளை வீட்டுக்கு அனுப்புங்க."

தொமாசாவின் புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். சின்ன வயசிலிருந்து தொமாசாவும் அதையே நம்பியவள். பையைத் தானே கீழே வைத்தாள். இரண்டு பிள்ளைகளுக்கு இனி எந்த மண்ணிலிருந்து சோறு என்று மட்டும் நினைத்தாள்.

அந்தப் பையை எடுத்தவள்தான் நிகாசியா. ராசிக் கைக்காரி என்று பேர் எடுத்தவள், முதல் குழிக்கு அவளைத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"ஏன் விசென்டா, போன வருஷம் உன் துண்டுல முதல் விதை யாரு வெச்சது?"

"நீதான்க்கா."

"கிழங்கு எப்படி இருந்துச்சு?"

"ஒவ்வொண்ணும் முஷ்டி பெருசு."

"தின்னியே, வயித்தக் கியித்த வலிச்சுதா?"

"இது என்ன கேள்வி?"

நிகாசியா பாவாடை இடுப்பைக் கொஞ்சம் இறக்கினாள். தொப்புளுக்குக் கீழே அதே கோடு, ஆறி வெளுத்திருந்தது.

"எனக்கும் அறுத்தாச்சுடி. ரெண்டு விதைப்பு ஆச்சு. இந்த ஊரே கத்தி பட்ட கை வெச்சதைத்தான் தின்னுட்டு இருக்கு."

அவள் புருஷன் ஃபாஸ்தினோ கலப்பையைப் பிடித்தபடி நின்றான். "அப்போ அண்ணன் வீட்டுக்குப் போறேன்னியே... எங்கிட்டகூட சொல்லலையே..."

"சொல்லியிருந்தா நீயும் விதைப்பையைப் பிடுங்கியிருப்ப."

அவன் அறுவடை வரைக்கும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படி ஆகும் என்று தெரிந்தேதான் அவள் வாயைத் திறந்தாள்.

"குனிய முடியலேன்னா மண்டி போட்டு வை" என்று பையைத் தொமாசாவின் கையில் திணித்தாள். தையல் சுருக்கென்று இழுக்க, தொமாசா மண்டியிட்டு வைத்தாள். ஜனவரியில் ஆலங்கட்டியும் விழத்தான் விழுந்தது, எல்லார் துண்டிலும் ஒரே மாதிரி. மே மாதம் தோண்டினால் தொமாசாவின் வரிசையில் கிழங்கு கொத்துக் கொத்தாக வந்தது. விசென்டாவும் வாங்கித் தின்றாள், வயிறு வலிக்கவில்லை.

போன வருஷம் பட்டணத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், அறுபட்டவர்களின் பெயரைப் பதிய. நல்ல கெச்சுவா பேசினாள். தொமாசாவும் நிகாசியாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடந்ததையெல்லாம் தொமாசா சொன்னாள், அழுகையும் வந்தது. பெறாமல் போன பிள்ளைகளை அவள் மறந்துவிடவில்லை.

"தொழில்னு ஒரு கட்டம் இருக்கும்மா. வீட்டு வேலைன்னு போட்டுடவா?"

"வேண்டாம். விதை போடறவள்னு போடு" என்றாள் தொமாசா. "ஆனா அதுக்கு முன்னாடி இவ பேரை எழுது. இவ இல்லேன்னா அந்தக் கட்டத்துல எனக்கு எழுத ஒண்ணும் இருந்திருக்காது."

"இவளுக்கு வேற வேலையே இல்ல" என்று சொல்லிவிட்டு நிகாசியா சால்வையால் மூக்கைச் சிந்தினாள்.