கடைசிப் பந்தைப் பார்க்காதவர்

எங்கள் கல்லூரியின் சாஃப்ட்பால் பயிற்சியாளர் உயரமான பெண்மணி. வெயிலில் கறுத்த முகம், கழுத்தில் எப்போதும் ஒரு விசில். அவர் பழக்கிய பெண்கள் வென்ற கோப்பைகள் முதல்வர் அறையில் இடம் போதாமல் நூலகம் வரை வந்துவிட்டன. ஆனால் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். ஜெயித்த பந்து ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை.

கோபிசெட்டிபாளையத்தில் இறுதிப் போட்டி. வேன் டிரைவரான நான்தான் அவர் பக்கத்தில் நின்றேன். இன்னும் ஒரு கேட்ச் பிடித்தால் கோப்பை எங்களுக்கு, தவறினால் அவர்களுக்கு. எதிரணிப் பெண் ஓங்கி அடித்தாள்.

“ஏனுங்கண்ணா, என்னாச்சு?” என்றார், வேலியைப் பார்த்தபடி.

எனக்கு அவரிடம் பேசவே கூச்சம். “பந்து மேல போகுதுங்க மேடம்.”

“அப்புறம்?”

“இன்னும் மேலதானுங்க இருக்குது.”

“புடிச்சாளா, உட்டாளா? சொல்லுங்கண்ணா!”

“தெரியலீங்க. நானும் கண்ணை மூடிக்கிட்டேனுங்க.”

“உங்களைப் போயி நம்புனேன் பாருங்க!”

அவர் சொல்லி முடிப்பதற்குள் மொத்த அணியும் கத்திக்கொண்டே ஓடிவந்து எங்கள் இருவர் மேலும் விழுந்தது. ஜெயித்துவிட்டோம்! வெட்கத்தை மறந்து நானும் குதித்தேன்.

வேனில் ஏறும் முன், கேட்ச் பிடித்த பெண்ணை அவர் நிறுத்தினார். “எப்படிப் புடிச்சே, ஒருக்கா காட்டு கண்ணு” என்று பந்தை மேலே எறிந்துவிட்டுக் கண் கொட்டாமல் பார்த்தார். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பந்தைக் கோட்டைவிட்டாள்.

“பாத்தீங்களாண்ணா? இதுக்குத்தானுங்க நான் பாக்கறதே இல்லை!”

அத்தனை கோப்பை வாங்கியவர் சொல்கிறார். நான் எப்படி மறுத்துப் பேசுவது?