தகட்டுச் சேருக்கு, ஒரு சொல்லும் கூட்டாமல்

சல்லி மீனவக் கிராமத்திலிருந்து செல்வம் தொலைபேசியில் அழைத்தபோது நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "ரீச்சர், தகட்டுச் சேர் மோசம் போயிட்டாராம். நெஞ்சு நோவாம்." சாவுச் செய்தி கேட்டு, கையில் ஒட்டிய செதிலோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போக வேண்டியவர்கள் நல்ல சுகத்தோடு ஊர் சுற்றுகிறார்கள். இந்த மனிதருக்குத்தானா நெஞ்சு நோ வர வேண்டும்?

தகட்டுச் சேர் என்றே கூப்பிட்டதால் அந்த ஐயாவின் சொந்தப் பெயர் உங்களில் பாதிப் பேருக்கு நினைவிராது. தெற்கிலிருந்து வந்த சிங்களக் கடற்படை அதிகாரி. யுத்த காலத்தில் எங்கள் கரைக் காவலுக்குப் பொறுப்பாக இருந்தார். அப்போது தொழிலுக்குப் போகிறவன் காவலரணில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் வள்ளம் இறக்க வேண்டும். திரும்பி வந்தால் அட்டை கிடைக்கும். ஆள் வராவிட்டால், கடைசியாக அவனைக் கண்டது யார், அட்டையை வாங்கியது யார் என்று கேட்க வழியில்லை. எல்லாரும் ஒரே சீருடை. அவர் வந்த புதிதிலேயே ஒரு கட்டளை போட்டார். அட்டையை வாங்குகிறவன் தன் நெஞ்சிலிருக்கும் பெயர்த் தகட்டைக் கழற்றி மீனவனின் கையில் கொடுக்க வேண்டும். வள்ளம் கரைக்கு வந்ததும் இரண்டும் கைமாறும். "யுத்தமென்றாலும் ஆளுக்குப் பெயர் இருக்க வேண்டும்" என்று சிங்களத்தில் தன் ஆட்களிடம் சொன்னார். அதைத் தமிழில் எங்கள் ஆட்களுக்குச் சொன்னது நான்.

அப்பா சீனன்குடாவில் வேலை பார்த்ததால் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள் நான். அதனால் கடற்படையிடம் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. அவருக்குத் தமிழ் படிப்பித்ததும் நான்தான்; அதிலிருந்து எல்லாருக்கும் நான் ரீச்சர். காவலரண் நாயைக்கூட "இங்கால வாங்கோ" என்று மரியாதையாகக் கூப்பிடுகிற தமிழ் அது. ஒருநாள் மீன் விற்கிற பெண்ணொருத்தி அவரைப் பார்த்து, "நாசமாப் போவான், கூடையைக் கொட்டிப் பாக்கிறான்" என்று ஏசினாள். நான் பயந்துபோய், அம்மாவுக்குக் கொஞ்சம் கவலை என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்: "நாசம் எண்டா கவலையா, ரீச்சர்?" எனக்கு முகம் செத்துப்போனது. "சொன்னதைச் சொல்லுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஏச்செண்டா ஏச்சையும் சொல்லுங்கோ" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் செய்தேன்.

சல்லிப் பெண்கள் அந்தத் தகடுகளை என்ன செய்தார்கள் தெரியுமா? புருஷன் கடலால் வரும்வரை சாமித்தட்டில் வைத்தார்கள். திருநீறு, பூ, நடுவில் ஒரு சிங்களப் பெயர். அந்தப் பெயர்க்காரன் நல்லாயிருந்தால்தானே தங்கள் ஆளின் அட்டை பத்திரமாக இருக்கும் என்று அவனுக்கும் சேர்த்துக் கும்பிட்டார்கள். விடிய, தகடு சந்தனப் பொட்டோடு திரும்பிப் போகும். துடைக்கப்போன ஒருவனைச் சேர் தடுத்தார். "இருக்கட்டும். உன்னுடைய அம்மாவைத் தவிர உனக்காக வேறு யார் கும்பிட்டது?" என்று கேட்டார்.

அந்தச் சந்தனம்தான் வினையானது. கடற்படைக்காரன் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டது. தன் பெயரை வைத்துத் தமிழ்ப் பெண்கள் சூனியம் செய்துவிட்டார்கள் என்று அவன் முறையிட்டான். சேருக்கு மேலே ஒருவர் இருந்தார். அவருடைய பெயரைப் போடத்தான் எனக்கு ஆசை. இதைப் பிரசுரிக்கிறவர்கள் வேண்டாம் என்கிறார்கள். பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். பெரிய படிப்புப் படித்த அந்தப் பெரியவர் சூனியக் கதையை நம்பினார், அல்லது நம்பியதுபோல் நடித்தார். தகடு மாற்றுவது நின்றது. ஓம், கும்பிட்டதற்குத் தண்டனை. எதிர்த்து எழுதிய சேரை எங்கோ கடலில்லாத ஊரொன்றின் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். பதவி உயர்வில்லாமலே அவர் ஓய்வு பெற்றார்.

தகடு மாற்றுவது நின்ற அடுத்த கிழமை என் தம்பி ரவி கடலுக்குப் போனான். சல்லியில் பெண் எடுத்து அங்கேயே தொழில் செய்தவன். அட்டையைக் கொடுத்தான். திரும்பி வரவில்லை. வெறும் வள்ளம் மட்டும் கரையொதுங்கியது. யாரிடம் அட்டையைக் கொடுத்தான் என்று எவனும் வாய் திறக்கவில்லை. மச்சாளைக் கூட்டிக்கொண்டு பெரியவரிடம் போனேன். அங்கேயும் மொழிபெயர்ப்பாளர் நான்தான். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "கடலுக்குப் போனவனைக் கடலிடம் போய்க் கேட்கச் சொல்." என் சொந்தத் தம்பியின் மனைவிக்கு அந்த வசனத்தை நான் தமிழில் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த வசனம் இன்றைக்கும் என் நாக்கில் கசக்கிறது.

கேள்விப்பட்டுச் சேர் சாதாரண உடுப்போடு அன்புவழிபுரத்தில் என் வீட்டுக்கு வந்தார். மச்சாளும் அங்கேதான் இருந்தாள். தேத்தண்ணி குடித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து தன் தகட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "தங்கச்சி, இதை வைச்சிருங்கோ. அட்டை வந்தாப் பிறகு திருப்பித் தாங்கோ" என்றார்.

போன கிழமை சல்லி மீனவர் சங்கம் அவருக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தது. அவருடைய மனைவி வெள்ளைச் சேலையில் வந்திருந்தார். யாரும் கூப்பிடாமலே பெரியவரும் வந்து இறங்கினார், பெரிய மலர்வளையத்தோடு. இப்போது அவர் ஏதோ நல்லிணக்கச் சபைக்குத் தலைவராம். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, சிங்களம் தெரிந்தவர் யாராவது மொழிபெயர்க்க வேண்டும் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு அவரைத் தெரியும்.

"தகடு மாற்றும் அந்த அருமையான முறையை நாங்கள் இருவரும் சேர்ந்தே கொண்டுவந்தோம். உங்கள் ஒவ்வொரு பிள்ளையும் எனக்குப் பெறுமதியானவன்" என்றார். அதையும் அப்படியே தமிழில் சொன்னேன். ஒரு சொல் பிசகவில்லை. பிறகு ஒலிவாங்கியை விடாமல் சொன்னேன்: "இதே ஐயாதான் தகட்டை நிப்பாட்டினவர். அடுத்த கிழமை என்ர தம்பி வரேல்ல. கேக்கப் போன எங்களுக்கு இதே வாயால சொன்னவர், கடலுக்குப் போனவனைக் கடலிடம் போய்க் கேட்கச் சொல் எண்டு." அதையே சிங்களத்திலும் சொன்னேன், அவருடைய அன்றைய குரலிலேயே. அப்போதுதான் அவருக்கு என்னைத் தெரிந்தது. முகம் வெளுத்தது. அந்த வெளுப்பைக் கண்டு என் வயிறு குளிர்ந்தது. அதை மறைக்க நான் ஏன் வெட்கப்பட வேண்டும்?

பின்வரிசையிலிருந்து மச்சாள் எழும்பினாள். "ஐயா, நான் கடலிட்டக் கேட்டனான். இவ்வளவு காலமும் கேட்டனான். அது உங்களிட்டக் கேக்கச் சொல்லுது."

அதைச் சிங்களத்தில் மொழிபெயர்த்தேன். பெரியவர் மலர்வளையத்தைக் கதிரையில் விட்டுவிட்டு வாகனத்தில் ஏறிப் போனார். சேரின் மனைவி என் கையைப் பிடித்து, "அவர் இருந்திருந்தால் சபையில் உங்களை ஏசியிருப்பார். வீட்டுக்கு வந்து சிரித்திருப்பார்" என்றார். தகட்டைத் திருப்பித் தரட்டுமா என்று மச்சாள் கேட்டாள். "அட்டை வந்ததா?" என்று கேட்டார் அவர். இல்லை என்றோம். "அப்ப இருக்கட்டும்."

சேரின் தகடு எங்கள் சாமித்தட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம் வைக்கிறோம். ஆனால் தம்பியின் அட்டையை வாங்கியவனின் தகடு அது அல்ல. அந்தப் பெயர் எங்களுக்கு வேண்டும். அது வரும்வரை பெரியவர் ஏறுகிற மேடையெல்லாம் நானும் ஏறுவேன், சேர். மொழிபெயர்க்கத்தான். ஒரு சொல்லும் கூட்டமாட்டேன்.